ஜன்னல் ஓரத்து மேஜை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசினதைப் படிக்க வசதியா அங்கங்கே கொஞ்சம் வெட்டியிருக்கேன், திருத்தியிருக்கேன்.)

வழக்கமா இங்க வேலை, கோடிங், அப்ரைசல், ஈஎம்ஐன்னு பேசிட்டு இருப்போம். இன்னைக்கு அது எதுவும் இல்ல. இன்னைக்கு என் வீட்டு ஜன்னலைப் பத்திப் பேசப் போறேன். சிரிக்காதீங்க. இந்த ஜன்னல் விஷயத்துல நான் ஒரு பெரிய தப்பு பண்ணேன், அந்தத் தப்போட விலையை என் அக்கா கொடுத்தா. அவகிட்ட கேட்டுட்டுதான் பேசுறேன். "பேசு, ஆனா என்னைப் பாவம் மாதிரி காட்டாத"ன்னு சொல்லியிருக்கா.

போன வருஷம் பிப்ரவரியில அக்காவுக்கு லூபஸ்னு கண்டுபிடிச்சாங்க. அதுக்கு முன்னாடி ஒரு வருஷமா காலையில எழுந்தா விரல் மடக்க முடியாது, முடி கொட்டும், கன்னம் சிவக்கும். அம்மா அதை வெயில் சூடுன்னாங்க. அப்பா லேப்டாப் சூடுன்னாரு. நான் ஸ்ட்ரெஸ்னு சொன்னேன், ஐடியில இருக்கிறவன் எல்லாத்துக்கும் சொல்ற பதில் அதுதானே. கடைசியில ஒரு ருமட்டாலஜிஸ்ட் ரத்தப் பரிசோதனை எடுத்துச் சொன்னாரு. நம்ம உடம்போட பாதுகாப்புப் படையே நம்ம உடம்பைத் தாக்குற நோய் இது. இந்த நோய் வர்ற 10 பேர்ல 9 பேர் பெண்கள். பெரும்பாலும் படிச்சு முடிச்சு, வேலை, கல்யாணம், குழந்தைன்னு ஓடிட்டு இருக்கிற வயசுல வரும்.

மாத்திரை எழுதிக் கொடுத்துட்டு டாக்டர் இன்னொண்ணும் சொன்னாரு. வெயில் படக் கூடாது. புற ஊதாக் கதிர், அதாவது யுவி, தோல்ல இருக்கிற செல்களைச் சேதப்படுத்தும். நமக்கெல்லாம் உடம்பு அந்தக் குப்பையைச் சத்தமில்லாம கூட்டித் தள்ளிடும். லூபஸ் இருக்கிறவங்களுக்கு அந்தக் குப்பையைப் பார்த்தே பாதுகாப்புப் படை உசுப்பேறிடும். தோல்ல தடிப்பு வரும், சில பேருக்கு மூட்டு, சிறுநீரகம்னு உள்ளேயும் நோய் கிளம்பிடும். லூபஸ் இருக்கிற எல்லாருக்கும் இப்படி ஆகிறதில்ல, ஆனா நிறைய பேருக்கு ஆகும்.

எங்களுக்கு இது ஈசியாத் தெரிஞ்சது. அக்கா வீட்டுல இருந்தே அக்கவுண்ட்ஸ் வேலை பார்க்கிறா. வெளிய போனா குடை, முழுக்கை, சன்ஸ்க்ரீன். மொட்டை மாடியில துணி காயப் போடுறது, வத்தல் எடுக்கிறது எல்லாம் என் தலையில வந்துச்சு. அவ்வளவுதான், முடிஞ்சுதுன்னு நினைச்சோம்.

எங்க வீடு மேடவாக்கத்துல மூணாவது மாடி. ஹால்ல மேற்குப் பக்கம் பெரிய ஸ்லைடிங் ஜன்னல். அதை ஒட்டித்தான் அக்காவோட மேஜை இருந்துச்சு. நோய் தெரிஞ்சதும் அவளே பயந்து மேஜையை உள்ள, பெட்ரூம் மூலைக்கு இழுத்துட்டுப் போயிட்டா. அந்த மூலையில பகல்லயே லைட் போடணும். ரெண்டு மாசத்துல ஆளே சுருங்கிப் போயிட்டா. ஒரு நாள் சாப்பிடும்போது, "நான் என்ன வௌவாலாடா?"ன்னு கேட்டா. கேட்டுட்டு எழுந்து போயிட்டா, தட்டுல பாதி சாதம் அப்படியே இருந்துச்சு.

அப்பதான் இன்ஜினியர் மூளை வேலை செய்ய ஆரம்பிச்சுது. ஜன்னல் கிட்ட நிஜமாவே யுவி இருக்கா? அளந்து பார்த்துடலாமேன்னு ஒரு யுவி சென்சார் வாங்கினேன், கட்டை விரல் நகம் அளவுதான் இருக்கும். அதை ஒரு இஎஸ்பி32 போர்டுல மாட்டி, நிமிஷத்துக்கு ஒரு தடவை ரீடிங் எடுத்து, டாஷ்போர்டு வரைக்கும் போட்டேன். கிராஃப் எல்லாம் அழகா வந்துச்சு. தூசு படக் கூடாதுன்னு எல்லாத்தையும் ஒரு கண்ணாடி மாதிரி தெளிவான பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு மூடி, ஜன்னல் கட்டையில வெச்சேன்.

நாலு நாள் ஓடுச்சு. ரீடிங் 0. காலையில 0, மத்தியானம் 0, சாயங்காலம் வெயில் நேரா உள்ள விழுற 4 மணிக்கும் 0.

நான் குதிச்சேன். "அக்கா, கண்ணாடி எல்லாத்தையும் தடுத்துடுது, நீ தாராளமா ஜன்னல் கிட்ட வந்து உக்காரு"ன்னு சொல்லி, மேஜையை நானே இழுத்துட்டு வந்து போட்டேன். அவ முகத்துல அன்னைக்கு வந்த வெளிச்சம் இருக்கே... சரி, விடுங்க.

மூணு வாரம் கழிச்சு அவளோட இடது கன்னம், இடது கழுத்து, இடது முன்கை, எல்லா இடத்துலயும் சிவப்புத் தடிப்பு. மூட்டு வலி திரும்ப வந்துடுச்சு. டாக்டர்கிட்ட போனோம். அவரு கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. "ஜன்னல் எந்தப் பக்கம்மா இருக்கு?"

இடது பக்கம்.

வெயில் மட்டுமே காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது, இந்த நோய் தானாவும் கிளம்பும்னு டாக்டர் சொன்னாரு. ஆனா வலது கை சுத்தமா இருந்துச்சு. ஸ்டீராய்டு டோஸை ஏத்தினாங்க. அதுல முகம் உப்பிப் போய், ரெண்டு மாசம் அவ ஆபீஸ் மீட்டிங்ல கேமரா போடவே இல்ல. என் மேல ஒரு வார்த்தை கோபப்படல. கோபப்பட்டிருந்தா எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அந்தச் சென்சாரை எடுத்துட்டு மொட்டை மாடிக்குப் போனேன். உச்சி வெயில். டப்பாவோட வெச்சேன், 0. டப்பாவைத் திறந்தேன், ரீடிங் மேல எகிறுச்சு. மூடினேன், 0.

டப்பாதான். அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். கண்ணுக்குத் தெரியிற ஒளி அதுல அப்படியே போகும், யுவி கிட்டத்தட்ட போகவே போகாது. நாலு நாளா நான் அளந்தது ஜன்னல் கண்ணாடியை இல்ல, என் டப்பா மூடியை. ஒரே ஒரு தடவை வெளி வெயில்ல வெச்சுப் பார்த்திருந்தா பத்தே செகண்டுல தெரிஞ்சிருக்கும். ஆபீஸ்ல ஜூனியர் பசங்ககிட்ட டெஸ்ட் பண்ணாம ப்ரொடக்‌ஷன்ல போடாதேன்னு கத்துற ஆள் நான். வீட்டுல டெஸ்டே பண்ணாம என் அக்காவை ப்ரொடக்‌ஷன்ல உக்கார வெச்சுட்டேன்.

சரி, இப்ப விஷயத்துக்கு வருவோம். இதை முன்னாடியே படிச்சிருக்கணும்.

நம்ம கண்ணுக்குத் தெரியிற ஒளி ஊதாவுல, சுமார் 400 நானோமீட்டர்ல முடிஞ்சிடுது. அதுக்குக் கீழ இருக்கிறதுதான் புற ஊதா. 315-ல இருந்து 400 வரைக்கும் யுவி-ஏ. 280-ல இருந்து 315 வரைக்கும் யுவி-பி. அதுக்கும் கீழ யுவி-சி. சூரியன்ல இருந்து வர்ற யுவி-சி முழுசும் வளிமண்டலத்துலயே நின்னுடும், தரைக்கு வராது. யுவி-பி-யில பெரும்பகுதியை ஓசோன் படலம் தடுத்துடும். தரைக்கு வந்து சேர்றதுல சுமார் 95 சதவீதம் யுவி-ஏ.

இப்ப கண்ணாடி. சாதாரண ஜன்னல் கண்ணாடி யுவி-பி-யைக் கிட்டத்தட்ட முழுசா தடுத்துடும். "கண்ணாடி யுவியைத் தடுக்கும்"னு நாம கேள்விப்பட்டது இந்தப் பாதி உண்மையைத்தான். யுவி-ஏ-யில பாதிக்கு மேல அது வழியா உள்ள வந்துடும். யுவி-பி தோலைச் சுட்டுக் காட்டும், சிவக்கும், எரியும், அதனால நாமளே நகர்ந்துடுவோம். யுவி-ஏ அப்படிச் சீக்கிரம் காட்டிக் கொடுக்காது, ஆனா தோல்ல இன்னும் ஆழமாப் போகும். ஏசி ஓடுற ரூம்ல ஜன்னல் பக்கத்துல உக்காந்தா சுடவும் சுடாது, எரியவும் எரியாது. ஒண்ணும் நடக்காத மாதிரியே இருக்கும்.

2012-ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல ஒரு போட்டோ வந்துச்சு. 69 வயசு லாரி டிரைவர், 28 வருஷம் ஓட்டினவர். அமெரிக்காவுல டிரைவர் சீட் இடது பக்கம். அவர் முகத்துல வலது பாதி ஒரு மாதிரி, இடது பாதி அதைவிடப் பல வருஷம் மூத்த ஆள் மாதிரி, மடிப்பு மடிப்பா தொங்கிப் போய் இருக்கும். ஜன்னல் கண்ணாடி வழியா வந்த யுவி-ஏ செஞ்ச வேலை. அந்தப் போட்டோவை அக்காகிட்ட காட்டினேன். "இவருக்கு 28 வருஷம், எனக்கு மூணு வாரம்"னா. அதுக்கு என்ன பதில் சொல்றது?

இதுல அம்மாவோட கேஸ் தனி. "வெயில் படாம எப்படிடா இருப்பா, எலும்பு என்னத்துக்கு ஆகும்? வெளிய போக வேணாம்னா ஜன்னல் வெயிலாவது படட்டும்"னு சொல்லிட்டே இருந்தாங்க. கேட்கிறதுக்கு நியாயமாத்தான் இருக்கும். ஆனா தோல்ல விட்டமின் டி உருவாகுறதுக்கு வேணும்கிறது யுவி-பி. அதைத்தான் கண்ணாடி தடுத்துடுதே. ஆக, மூடின ஜன்னல் வெயில்ல உக்காந்தா நல்லது வெளியவே நின்னுடும், கெட்டது மட்டும் உள்ள வரும். இதை அம்மாவுக்கு எப்படிப் புரிய வெச்சேன் தெரியுமா? "அம்மா, வடிகட்டி தலைகீழா வேலை செய்யுது. டீயைக் கீழ கொட்டிட்டு தூளை டம்ளர்ல ஊத்துது." உடனே புரிஞ்சுடுச்சு. விட்டமின் டிக்கு டாக்டர் மருந்தாவே எழுதிக் கொடுத்திருக்காரு, அது வாரம் ஒரு தடவை போயிட்டு இருக்கு.

அப்புறம் சென்னைங்கிற ஊர். நாம 13 டிகிரி அட்சரேகையில இருக்கோம். வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஏப்ரல் கடைசியிலயும் ஆகஸ்ட் நடுவுலயும், சூரியன் சரியா நம்ம தலைக்கு மேல வந்துடும். யுவி இன்டெக்ஸ்னு ஒண்ணு போன் வெதர் ஆப்லயே இருக்கும், பார்த்திருப்பீங்க. 3-க்கு மேல போனாலே பாதுகாப்பு தேவைன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 11-க்கு மேல போனா அதி தீவிரம். நம்ம ஊர்ல கோடை மத்தியானம் 11-ஐத் தாண்டுறது சர்வ சாதாரணம். இன்னொரு விஷயம், அந்த ஏப்ரல் கடைசிக்கும் ஆகஸ்ட் நடுவுக்கும் இடையில மத்தியானச் சூரியன் நமக்கு வடக்குப் பக்கம் இருக்கும். "எங்க வீட்டுல வடக்கு ஜன்னல்தான், வெயிலே வராது"ன்னு சொல்றவங்க இதையும் கொஞ்சம் கணக்குல வெச்சுக்கங்க.

நான் ரொம்ப லேட்டாப் புரிஞ்சுக்கிட்டது இதுதான்: நேர் வெயில் விழலைன்னா யுவி இல்லைன்னு அர்த்தம் இல்ல. வானம் ஏன் நீலமா இருக்குன்னு ஸ்கூல்ல படிச்சோம்ல, அலைநீளம் குறையக் குறைய காத்து ஒளியை அதிகமாச் சிதறடிக்கும். நீலத்தை விட யுவி இன்னும் அதிகமாச் சிதறும். அதனால வானம் முழுக்கவே யுவிக்கு ஒரு பெரிய விளக்கு மாதிரி. சூரியன் வேற பக்கம் இருந்தாலும், ஜன்னல் வழியா உங்களுக்கு வானம் தெரியுதுன்னா, வானத்துக்கும் உங்களைத் தெரியும்.

இதை வெச்சு வீட்டை அளந்தேன். இந்தத் தடவை டப்பா இல்லாம. ஜன்னலை ஒட்டி அதிகமா இருந்துச்சு. ரெண்டு மூணு அடி உள்ள போனதுமே சட்டுன்னு இறங்குச்சு. ஹால் நடுவுல கொஞ்சம்தான். அறையோட அளவை விட, நாற்காலியில உக்காந்தா எவ்வளவு வானம் தெரியுதுங்கிறதுதான் கணக்குன்னு புரிஞ்சுது. எதிர் அபார்ட்மென்ட்டோட வெள்ளைச் சுவர் கண்ணு கூசுற மாதிரி மின்னும், அதைப் பார்த்து பயந்தேன். அளந்தா, யுவி கம்மி. காரணம் தேடிப் பார்த்தப்ப சுவாரஸ்யமா இருந்துச்சு: இப்ப வர்ற வெள்ளை எமல்ஷன் பெயின்ட்ல இருக்கிறது டைட்டானியம் டையாக்சைடு, சன்ஸ்க்ரீன்லயும் போடுற அதே சரக்கு. அது யுவியை உறிஞ்சிடும். எதிர் வீட்டுச் சுவர் சன்ஸ்க்ரீன் பூசிட்டு நிக்குது, நாமதான் பூசல.

அடுத்து ஃபிலிம். ஜன்னல் கண்ணாடியில உள்பக்கமா ஒட்டுற சன் கண்ட்ரோல் ஃபிலிம். ஜிபி ரோட்டுக்குப் போனேன், கார் சாமான் விக்கிற தெரு. ஒரு கடைக்காரர், "தம்பி, கருப்பா இருக்கிறதை எடுத்துக்கங்க, கருப்பா இருந்தாத்தான் வெயில் நிக்கும்"னாரு. நான் பையில இருந்து சென்சாரை எடுத்தேன். அவரு என்னை ஒரு மாதிரி பார்த்தாரு. பிளாட்பாரத்துல நின்னு ஒவ்வொரு துண்டா சென்சார் மேல பிடிச்சுப் பார்த்தேன். கருகருன்னு இருந்த ஒரு மலிவு ஃபிலிம்ல யுவி பாதி கூட நிக்கல. கிட்டத்தட்ட கண்ணாடி மாதிரி வெள்ளையா இருந்த இன்னொண்ணுல ரீடிங் தரையைத் தொட்டுச்சு. கடைக்காரரே எட்டிப் பார்த்துட்டு, "அண்ணே இங்க வாங்க, இதைப் பாருங்க"ன்னு பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டாரு.

காரணம் சிம்பிள். கருப்பு நிறம் கண்ணுக்குத் தெரியிற ஒளியைத் தடுக்குது. யுவியைத் தடுக்க ஃபிலிம்ல அதுக்குன்னே ஒரு ரசாயனம் இருக்கணும். அது நிறமே இல்லாமலும் இருக்கலாம். ஆகவே வாங்கும்போது நிறத்தைப் பார்க்காதீங்க, எத்தனை சதவீதம் யுவி தடுக்கும்னு அட்டையில போட்டிருக்கிறதைக் கேளுங்க. நல்ல ஃபிலிம்னா 99 சதவீதம்னு போட்டிருக்கும். புது வீடு கட்டுறீங்களா, லேமினேட்டட் கண்ணாடி போட்டா ஃபிலிமே வேணாம். ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல ஒரு பிளாஸ்டிக் ஏடு வெச்சு ஒட்டியிருப்பாங்க, அந்த ஏடு யுவியைக் கிட்டத்தட்ட முழுசா தடுத்துடும். கார் முன் கண்ணாடி அப்படித்தான் செஞ்சது. கார் பக்கக் கண்ணாடி பெரும்பாலும் அப்படி இல்ல.

என் சென்சார்லயும் ஒரு குறை இருக்கு, சொல்லிடுறேன். அதுக்குத் தெரியிறது 370 நானோமீட்டர் வரைக்கும்தான். 370-க்கும் 400-க்கும் நடுவுல என்ன வருதுன்னு அதுக்குத் தெரியாது. ஒரு தடவை 0-வைப் பார்த்து ஆடினவன், இன்னொரு தடவை ஆடக் கூடாதுல்ல. அதனால 400 வரைக்கும் தடுக்கும்னு போட்டிருந்ததைத்தான் எடுத்தேன்.

வாடகை வீடு. ஹவுஸ் ஓனருக்கு வாட்ஸ்அப்ல மெசேஜ் போட்டு, "சார், வெளிய இருந்து பார்த்தா தெரியவே தெரியாது, காலி பண்ணும்போது உரிச்சுக் கொடுத்துடுறோம்"னு அனுமதி வாங்கினேன். சோப்புத் தண்ணி தெளிச்சு, ரப்பர் கட்டையால இழுத்து ஒட்டினாங்க. முதல் ஒரு வாரம் குமிழ் குமிழா இருக்கும், தண்ணி காஞ்சதும் போயிடும். ஒரு எச்சரிக்கை: வெப்பத்தை உறிஞ்சுற அடர் ஃபிலிமை எல்லாக் கண்ணாடியிலயும் ஒட்டக் கூடாது, சூடு ஏறி விரிசல் விடலாம். ரெட்டைக் கண்ணாடி ஜன்னல்னா கடைக்காரர்கிட்ட கேட்டுட்டு ஒட்டுங்க.

ஃபிலிம் ஒட்டியாச்சு, சுபம்னு நினைச்சேன். அன்னைக்கு மத்தியானம் அம்மா வந்து, "புழுங்குதுடா"ன்னு ஜன்னலைத் திறந்தாங்க.

அவ்வளவுதான். ஸ்லைடிங் ஜன்னல்ல எப்பவும் பாதி திறந்துதான் இருக்கும். திறந்த பாதியில ஃபிலிம் என்ன பண்ணும்? கொசுவலை கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். அதுவும் திறந்த ஜன்னல்னா யுவி-ஏ மட்டும் இல்ல, யுவி-பி-யும் சேர்ந்து வரும். வெளிநாட்டு வீடியோ எல்லாம் ஃபிலிம் ஒட்டுங்க, ஃபிலிம் ஒட்டுங்கன்னு சொல்லுது. அவங்க வீட்டுல ஜன்னல் மூடியே இருக்கும். நம்ம ஊர்ல கரண்ட் போனா ஜன்னல்தானே ஏசி!

இதுக்கு டெக்னாலஜி தீர்வு இல்ல, ஒரு டைம்டேபிள்தான் போட்டோம். ஹால் ஜன்னல் காலையில 8 மணி வரைக்கும் திறந்திருக்கும், அப்புறம் பொழுது சாஞ்ச பிறகு. நடுவுல காத்துக்கு சமையலறைப் பக்க ஜன்னல். அது ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல சந்து மாதிரி இடத்தைப் பார்த்து இருக்கு, வானம் ஒரு கீத்துதான் தெரியும். பால்கனிக்குப் பச்சை வலை கட்டினோம். ஸ்க்ரீன் துணி மாத்தினோம். துணிக்கு ஒரு டெஸ்ட் இருக்கு: விரிச்சு வெளிச்சத்துல பிடிங்க, நெசவு நடுவுல புள்ளி புள்ளியா வெளிச்சம் தெரிஞ்சா அது வழியா யுவியும் வரும். நெருக்கமா நெஞ்ச துணி நல்லது.

அம்மா ஒரு வாரம் முணுமுணுத்தாங்க. அப்புறம் 8 மணி ஆனா அவங்களே ஜன்னலைச் சாத்திட்டு, "டேய், சாத்திட்டேன்"னு என் ரூம் வாசல்ல வந்து சொல்ல ஆரம்பிச்சாங்க.

வீட்டுக்குள்ள இருக்கிற மத்த சமாச்சாரங்களை வேகமா பார்த்துடலாம். எல்இடி பல்பு பிரச்சனை இல்ல, வீட்டுக்கு நாம வாங்குற வெள்ளை எல்இடி நீல ஒளியில இருந்து வெள்ளை தயாரிக்குது, யுவி பேருக்குத்தான் இருக்கும். லேப்டாப், போன் ஸ்க்ரீனும் அதே மாதிரி. ப்ளூ லைட் வேற, யுவி வேற, குழப்பிக்காதீங்க. பழைய சிஎஃப்எல் பல்பு கொஞ்சம் யுவி விடும். அந்தச் சுருள் குழாய் வெளிய தெரியிற வகையை 30 சென்டிமீட்டருக்கும் கிட்ட வெச்சு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல உக்காராதீங்கன்னு பிரிட்டனோட சுகாதாரப் பாதுகாப்பு முகமை 2008-லயே சொல்லியிருக்கு. எங்க வீட்டுல அக்காவோட டேபிள் லேம்ப்ல சரியா அதுதான் இருந்துச்சு, பெட்ரூம் மூலையில ரெண்டு மாசம் அதுக்குக் கீழதான் உக்காந்திருந்தா. தூக்கிப் போட்டுட்டோம். இப்படிப்பட்ட பல்பை உடைக்காம போடுங்க, உள்ள பாதரசம் இருக்கு.

வாட்டர் ப்யூரிஃபையர்ல யுவி-சி விளக்கு இருக்கும், கிருமியைக் கொல்றது அதுதான். மூடின ஸ்டீல் குழாய்க்குள்ள இருக்கிற வரைக்கும் பயமே இல்ல. சர்வீஸ் பண்றவர் திறந்து, எரியுதான்னு எட்டிப் பார்க்கச் சொன்னா பார்க்காதீங்க. 2020-ல நிறைய பேர் போனைச் சுத்தம் பண்றேன்னு கையில பிடிக்கிற யுவி-சி விளக்கு வாங்கினீங்களே, அதைப் பரண்ல இருந்து எடுத்து குழந்தைகள் விளையாடப் போறாங்க, கவனம். வெல்டிங் ஒளியைப் பார்த்தவங்களுக்கு ராத்திரி கண்ணுல மணல் கொட்டின மாதிரி அறுக்கும்ல, அதே பாதிப்புதான் இதுலயும் வரும். உடனே தெரியாது, சில மணி நேரம் கழிச்சுத்தான் தெரியும். ஜெல் நெயில் பாலிஷ் காய வைக்கிற விளக்கு யுவி-ஏ. அக்காவோட கல்லூரித் தோழி கல்யாணத்துக்கு நகம் போட்டுக்க ஆசைப்பட்டா, சாதாரண பாலிஷோட நிறுத்திக்கிட்டா.

சன்ஸ்க்ரீன் வீட்டுக்குள்ளயும் போடணுமான்னு கேட்பீங்க. அக்கா போடுறா, டாக்டர் சொன்னதால. வாங்கும்போது எஸ்பிஎஃப் எண்ணை மட்டும் பார்க்காதீங்க. அது முக்கியமா யுவி-பி-யோட கணக்கு. ஜன்னல் வழியா வர்றதுக்கு யுவி-ஏ பாதுகாப்பு வேணும், அதுக்கு பிஏன்னு போட்டுப் பக்கத்துல பிளஸ் பிளஸ்னு இருக்கும், பிளஸ் அதிகமா இருக்கிறதா எடுங்க.

லூபஸ் இல்லாதவங்க இதையெல்லாம் கேட்டு வீட்டை இருட்டாக்கிட வேணாம். உங்களுக்கு நேர் வெயில் விழுற இடத்துல இருந்து நாற்காலியை ரெண்டு அடி தள்ளிப் போட்டாலே பெரிய வித்தியாசம். முகத்துல மங்கு, வெயில் பட்டா அலர்ஜி, சில மாத்திரைகளால வெயில் ஒத்துக்காம போறதுன்னு பிரச்சனை இருக்கிறவங்க டாக்டர்கிட்ட "ஜன்னல் கிட்ட உக்காரலாமா"ன்னு குறிப்பாக் கேளுங்க. வெயில்ல போகாதேன்னு சொன்னா நாம எல்லாரும் தெருவைத்தான் நினைச்சுக்கிறோம்.

சென்சார் வாங்கணுமான்னு கமெண்ட்ல கேட்கப் போறீங்க. வேணாம். வீட்டுல யாராவது வெயில்ல போனா கருக்கிற மூக்குக் கண்ணாடி போட்டிருக்காங்களா? ஃபோட்டோக்ரோமிக் லென்ஸ். அதைக் கருக்க வைக்கிறது முக்கியமா யுவிதான். அதனாலதான் கார் ஓட்டும்போது அது சரியாக் கருக்காது, முன் கண்ணாடி யுவியைப் பிடிச்சு வெச்சுக்கும். அந்தக் கண்ணாடியை உங்க ஜன்னல் கட்டையில பத்து நிமிஷம் வெயில் படுற மாதிரி வைங்க. கருத்தா யுவி உள்ள வருதுன்னு அர்த்தம். கருக்கலைன்னா உடனே ஆடாதீங்க, முதல்ல வெளிய வெயில்ல வெச்சு, அந்த லென்ஸ் நிஜமாவே கருக்குதான்னு பாருங்க. நம்ம ஊர்ச் சூட்டுல அது கொஞ்சம் கம்மியாத்தான் கருக்கும், அதையும் மனசுல வெச்சுக்கங்க.

எங்க அப்பாவோடது அந்தக் கண்ணாடிதான். ஃபிலிம் பழசாக ஆக வீரியம் குறையலாம்னு, மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை அதை ஜன்னல்ல வெச்சுப் பார்க்கிறோம். அந்தப் பத்து நிமிஷமும் அப்பா பேப்பர் படிக்க முடியாம, "ஆச்சாடா, ஆச்சாடா?"ன்னு கேட்டுட்டே இருப்பாரு.

அக்காவோட மேஜை இப்ப ஹாலுக்குத் திரும்ப வந்துடுச்சு. ஜன்னலை ஒட்டி இல்ல, நாலு அடி உள்ள, பக்கவாட்டா. மழைக்காலம் முடியிறப்ப ஸ்டீராய்டைப் படிப்படியாக் குறைச்சாங்க. இந்தக் கோடையில கை சுத்தமா இருந்துச்சு. ஃபிலிமாலயா, மாத்திரையாலயான்னு கேட்டா, ரெண்டையும் ஒரே நேரத்துல மாத்தின பிறகு எதனால சரியாச்சுன்னு எந்த இன்ஜினியராலயும் சொல்ல முடியாது. கேமரா போட ஆரம்பிச்சிருக்கா. போன வாரம் அவ மேஜை மேல ஒரு மணி பிளாண்ட் வந்து உக்காந்திருக்கு. "இதுக்கு யுவி வேணாம்ல, சும்மா வெளிச்சம் போதும்ல?"ன்னு கேட்டா. போதும்னு சொன்னேன். "டெஸ்ட் பண்ணிட்டியா?"ன்னா.

சரி மக்களே, அடுத்த எபிசோட் வழக்கமான வியாழக்கிழமை. நோட்டீஸ் பீரியட்ல இருக்கும்போது புது ஆஃபர் கேன்சல் ஆனவங்க ரெண்டு பேர் வர்றாங்க. பார்ப்போம்.